சுவரில் தொங்கும் நான்கு வரியிலிருந்து தாய்ப்பத்திரம் வரை: ஒரு டியூட் ராஞ்சின் வரலாற்றை எழுதுவது எப்படி

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கோ கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்கோ போகும்போது பூங்காவுக்குள் அறை கிடைக்காமல் பக்கத்தில் ராஞ்ச் எனப்படும் கால்நடைப் பண்ணை ஒன்றில் போய்த் தங்குகிறவர்கள் உண்டு. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில், காலையில் ஜன்னலுக்கு வெளியே குதிரைகள், ராத்திரி எல்லாரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் அநேகமாகச் சட்டம் போட்ட தாள் ஒன்று தொங்கும். இன்னார் இந்த வருஷம் வந்தார், நிலத்தைத் திருத்தினார், விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள், இப்போது மூன்றாவது தலைமுறை நடத்துகிறது. நான்கே வரி. எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா எழுந்து போக முடிவதில்லை. நிலம் யாரிடமிருந்து வந்தது, மாடு வளர்த்தவர் எதற்காக ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் சோறு போட ஆரம்பித்தார், பக்கத்தில் தேசியப் பூங்கா வந்தபோது இவர்கள் அதை எதிர்த்தார்களா, வேண்டும் என்று கேட்டார்களா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவது எப்படி என்று எழுதுகிறேன். வயோமிங், மொன்டானா பக்கத்து ராஞ்சுகளை வைத்தே சொல்கிறேன், எனக்குப் பழக்கமான காகிதங்கள் அவைதான். பாதி வேலையை வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்தே முடித்துவிடலாம். அங்கே தங்கியிருக்கும் ஒரு வாரத்தை, இணையத்தில் கிடைக்காதவற்றுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். விருந்தினரைத் தங்கவைக்கும் இப்படிப்பட்ட ராஞ்சுக்கு டியூட் ராஞ்ச் என்று பெயர். டியூட் என்ற சொல் 1880களில் நகரத்திலிருந்து மினுக்காக உடுத்திக்கொண்டு வருகிறவரைக் குறித்தது. ராஞ்ச்காரர்கள் அதைக் காசு கொடுத்துத் தங்குகிறவர் என்ற பொருளில் சாதாரணமாகப் புழங்கினார்கள். 1926-இல் மொன்டானாவின் போஸ்மன் ஊரில் கூடித் தங்களுக்கு ஒரு சங்கம் தொடங்கியபோதும் டியூட் ராஞ்சர்ஸ் அசோசியேஷன் என்றே பெயர் வைத்தார்கள். பிற்பாடு பல இடங்கள் கெஸ்ட் ராஞ்ச் என்று மாற்றிக்கொண்டன. அதனால் தேடும்போது டியூட், கெஸ்ட் இரண்டையும் போட்டுப் பாருங்கள், லாட்ஜ், கேம்ப் என்றும் போடுங்கள். இடத்தின் பெயரும் கை மாறும்போது மாறியிருக்கும். பழைய பெயர் தெரியாமல் தேடினால் பாதி வரலாறு கண்ணில் படவே படாது.

அப்புறம் ஒரு தாளில் நான்கு தேதிகளுக்கு இடம் விடுங்கள். நிலத்தில் முதலில் குடியேறிய ஆண்டு. முதல் விருந்தாளி வந்து தங்கிய ஆண்டு. முதன்முதலில் காசு வாங்கிய ஆண்டு. மாட்டை விட மனிதர்களால் வருமானம் அதிகமான ஆண்டு. இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ‘இங்கேயே பழமையான ராஞ்ச்’ என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஈட்டன் சகோதரர்களைப் பாருங்கள். ஹோவர்ட், வில்லிஸ், ஆல்டன் மூவரும் பிட்ஸ்பர்கிலிருந்து வந்து, அன்றைய டகோட்டா பிரதேசத்தில், இன்றைய மெடோராவுக்குப் பக்கத்தில் கஸ்டர் டிரெயில் ராஞ்சை நடத்தினார்கள். தொடக்கமாகச் சொல்லப்படுவது 1879. கிழக்கிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் வேட்டைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கினார்கள், எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு. 1882-இல் பஃபலோ நகரத்துக்காரர் பெர்ட் ரம்ஸி என்பவர் காசு வாங்கிக்கொண்டால்தான் தங்குவேன் என்று பிடிவாதம் பிடித்ததாகவும், தொழில் அங்கிருந்துதான் தொடங்கியதாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1886-87 பனிக்காலத்தில் வடக்குச் சமவெளி முழுக்க மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதற்கப்புறம் மாட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று பலருக்குப் புரிந்தது. 1904-இல் ஈட்டன்கள் வயோமிங்கில் ஷெரிடனுக்குப் பக்கத்தில் உல்ஃப் என்ற இடத்துக்கு மாறினார்கள், ராஞ்ச் இன்னும் அங்கே நடக்கிறது. இப்போது இவர்களுடைய தொடக்கம் 1879-ஆ, 1882-ஆ, 1904-ஆ? மூன்றுமே சரி, எந்தக் கேள்விக்குப் பதில் என்பதுதான் வேறு. உங்கள் ராஞ்சுக்கும் இப்படித்தான் எழுத வேண்டும். ‘1904 முதல்’ என்று ஒற்றை வரியில் முடித்தால் உள்ளே இருக்கும் விஷயம் போய்விடும்.

நிலத்திலிருந்து தொடங்குங்கள்

சொந்தக்காரரின் கதையிலிருந்து தொடங்கத்தான் மனசு போகும். வேண்டாம். ஒரு வீடு வாங்கும்போது என்ன செய்வோம்? தாய்ப்பத்திரம் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான்.

அமெரிக்க அரசு முதன்முதலில் ஒரு தனி ஆளுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்த ஆவணத்துக்குப் பேடன்ட் என்று பெயர், நம் பட்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நில மேலாண்மைத் துறையின் பொது நில அலுவலகப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரை வைத்தும் தேடலாம், இடத்தை வைத்தும் தேடலாம். இடத்தை வைத்துத் தேடுவதே நல்லது, ஏனென்றால் பெயரின் எழுத்துகள் தப்பாகப் பதிவாகியிருக்கும். அதற்கு அவர்களுடைய அளவை முறை தெரிய வேண்டும். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கால் செக்‌ஷன் 160 ஏக்கர். 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஒருவருக்குக் கிடைத்தது அந்த 160 ஏக்கர்தான். 1909 சட்டம் வறண்ட பகுதிகளில் அதை 320 ஆக்கியது, 1916-இல் மேய்ச்சல் நிலத்துக்கு 640 ஆனது. உங்கள் ராஞ்ச் எந்த டவுன்ஷிப், எந்த செக்‌ஷன் என்று புவியியல் ஆய்வுத் துறையின் பழைய வரைபடங்களில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அவையும் இலவசம்தான்.

பேடன்டின் அடியில் தியோடர் ரூஸ்வெல்ட் என்றோ வுட்ரோ வில்சன் என்றோ கையெழுத்து இருக்கும். எங்கள் தாத்தாவுக்கு ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. 1833-இலிருந்தே ஜனாதிபதியின் பெயரை ஒரு செயலர்தான் எழுதினார். இதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பேடன்ட் ஒரே ஒரு தாள். அதற்குப் பின்னால் இருக்கும் கோப்புதான் உண்மையான புதையல், அது வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நிலம் கேட்டவர் ஐந்து ஆண்டு (1912-க்குப் பிறகு மூன்று ஆண்டு) அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்ததாக நிரூபிக்க வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பும் போட வேண்டும். அதனால் வீட்டின் நீள அகலம், எத்தனை ஏக்கரில் என்ன விளைந்தது, வேலி எவ்வளவு தூரம், எந்தெந்த மாதம் ஊரில் இல்லை என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே சொல்லிப் பதிவாகியிருக்கும். பனிக்காலம் முழுக்க ஆள் ஊரில் இல்லை என்று கோப்பில் இருந்தால், சுவரில் தொங்கும் தாளில் ‘ஆண்டு முழுவதும் பனியோடு போராடினார்’ என்ற வரிக்கு என்ன ஆவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பேடன்ட் எண்ணையும் நில விவரத்தையும் கொடுத்துக் கோப்புக்கு விண்ணப்பியுங்கள், கட்டணம் உண்டு, வந்து சேர நாள் ஆகும். பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே எழுதிப் போட்டுவிடுவது நல்லது.

பெண்கள் பெயரைப் பார்த்தால் கடந்து போய்விடாதீர்கள். மணமாகாதவரும் விதவையும் தங்கள் பெயரிலேயே நிலம் கேட்கச் சட்டம் இடம் கொடுத்தது. டீட்டன் மலையடிவாரத்தில் ஜெரால்டின் லூகஸ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை அப்படி நிலம் எடுத்தவர். 1924-இல், அறுபதை நெருங்கும் வயதில், கிராண்ட் டீட்டன் சிகரத்திலும் ஏறினார். அண்ணனும் தங்கையும், இரண்டு நண்பர்களும் பக்கத்துப் பக்கத்து நிலத்தைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கிப் பிறகு ஒன்றாகச் சேர்த்து ஒரே ராஞ்ச் ஆக்குவதும் நடந்தது. ஹெரல்ட் ஹேமண்டும் டக்கர் பிஷ்ஃபமும் 1913-இல் அப்படித் தொடங்கியதுதான் ஒயிட் கிராஸ் ராஞ்ச். ஒரு பேடன்ட் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் சுற்றிலும் உள்ள நான்கு செக்‌ஷன்களையும் பார்த்துவிடுங்கள்.

பேடன்டுக்குப் பிறகு நடந்த விற்பனை, அடமானம், குத்தகை எல்லாம் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் இருக்கும். இங்கேதான் நான் முதல் தடவை தடுமாறினேன். டீட்டன் மலையடிவாரத்து ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் ஓர் இடத்தின் பத்திரங்களை டீட்டன் கவுன்ட்டிப் பதிவுகளில் தேடித் தேடி, 1921-க்கு முன்னால் ஒன்றுமே இல்லையே என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். டீட்டன் கவுன்ட்டியே 1921-இல்தான் உருவானது. அதற்கு முன் அந்தப் பகுதி லிங்கன் கவுன்ட்டி, தலைநகர் கெம்மரர். லிங்கன் கவுன்ட்டி 1911-இல் யூயின்டா கவுன்ட்டியிலிருந்து பிரிந்தது, யூயின்டாவின் தலைநகர் எவன்ஸ்டன். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி பிரிந்த மாதிரி என்று நினைத்தால் சட்டென்று புரியும். எந்த ஆண்டுப் பத்திரம் எந்த ஊரில் இருக்கிறது என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில ராஞ்சுகளுக்கு எவ்வளவு தேடினாலும் பேடன்ட் கிடைக்காது. கோடி ஊரிலிருந்து யெல்லோஸ்டோனின் கிழக்கு வாசலுக்குப் போகும் சாலையோரம் இருக்கும் லாட்ஜுகளில் பல, காட்டிலாகா நிலத்தில் அனுமதி பெற்று நடப்பவை. அந்தக் காடு 1891-இல் நாட்டிலேயே முதல்முதலாக ஒதுக்கப்பட்ட காப்புக்காடு. வைல்ட் வெஸ்ட் காட்சிகளால் பெயர் பெற்ற பஃபலோ பில் கோடி 1904 வாக்கில் கட்டிய பஹாஸ்கா டீப்பி லாட்ஜும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்குச் சொந்தப் பத்திரம் கட்டடத்துக்கு மட்டும்தான் இருக்கும், மண்ணுக்கு இருக்காது. அப்போது ஷோஷோனி தேசியக் காட்டின் அலுவலகத்தில் அனுமதிக் கோப்பைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, இதை விடாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பேடன்டில் இருக்கும் பெயர்தான் முதல் பெயர் என்று எழுதாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் ஷோஷோனி, பன்னாக், குரோ பழங்குடி மக்கள் கோடைதோறும் வந்து வேட்டையாடினார்கள், கிழங்கு எடுத்தார்கள். இன்று குதிரையேற்றப் பாதை என்று விருந்தினரைக் கூட்டிப்போகும் வழிகளில் பல அவர்கள் நடந்த வழிகள். 1868-இல் ஃபோர்ட் பிரிட்ஜரிலும் ஃபோர்ட் லாரமியிலும் போட்ட ஒப்பந்தங்கள், யாரும் குடியேறாத அரசு நிலத்தில் வேட்டையாடும் உரிமையை அவர்களுக்கு விட்டுவைத்தன. 1895-இல் ஜாக்சன் ஹோலில் குடியேறியவர்கள் பன்னாக் வேட்டைக்காரர்களைப் பிடித்துக் காவலில் கொண்டுபோனபோது உயிர்ச்சேதம் நடந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த வேட்டை உரிமை வழக்கில் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் அடிப்படை 2019-இல், குரோ வேட்டைக்காரர் ஒருவரின் வழக்கில்தான் தள்ளப்பட்டது. வேட்டை விருந்தினரை அழைத்துப்போய்ப் பெயர் வாங்கிய ராஞ்சின் வரலாற்றில் இந்தப் பத்தி இல்லாவிட்டால் கதை பாதியில் தொடங்குகிறது. ஒப்பந்த எல்லையைக் காட்டும் வரைபடத்தில் உங்கள் ராஞ்ச் எங்கே விழுகிறது என்று பாருங்கள், பழங்குடி அரசுகளின் மரபுப் பாதுகாப்பு அலுவலகங்களுக்கும் எழுதிக் கேளுங்கள்.

சூட்டுக்குறி

ராஞ்சின் பெயரே பல இடங்களில் மாட்டுக்கும் குதிரைக்கும் சூட்டுக்கோலால் போட்ட குறிதான். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஒரு கோடு போட்டிருந்தால் பார், எழுத்து படுத்திருந்தால் லேசி, கீழே வளைவு இருந்தால் ராக்கிங். பார் பிசி என்ற ராஞ்சின் பெயரில் இருப்பது பர்ட், கார்ன்கிராஸ் என்ற இரண்டு பங்காளிகளின் முதலெழுத்து. குறி ஒரு சொத்து, அதை விற்கலாம், வாங்கலாம், அதனால் மாநிலக் கால்நடை வாரியத்தின் பழைய குறிப் புத்தகங்களில் யார் பெயரில் எந்த ஆண்டு இருந்தது என்று பார்த்தால் பத்திரத்தில் விட்டுப்போன கைமாற்றம் சில சமயம் இங்கே அகப்படும். நிலம் ஒருவருக்கும் குறி இன்னொருவருக்கும் போயிருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள், அங்கே ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கும்.

விருந்தினர் எந்த ரயிலில் வந்தார்கள்?

பூங்கா பக்கத்தில் இருந்தால் மட்டும் ராஞ்ச் நடந்துவிடாது, ரயில் வந்திருக்க வேண்டும். யெல்லோஸ்டோன் 1872-இல் பூங்கா ஆனது. பர்லிங்டன் ரயில் 1901-இல் கோடிக்கு வந்தது, நார்தர்ன் பசிஃபிக் 1903 வாக்கில் வடக்கு வாசலான கார்டினருக்கு வந்தது, மேற்கு வாசலுக்கு 1908-இல் யூனியன் பசிஃபிக் கூட்டத்தைச் சேர்ந்த ரயில் வந்தது. ஜாக்சன் ஹோலுக்கு மட்டும் ரயிலே கிடையாது. ஐடஹோவின் விக்டர் ஊரில் இறங்கி, டீட்டன் கணவாயை வண்டியில் ஏறிக் கடந்து வர வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வருகிறவர் இரண்டு நாளில் திரும்புவாரா? மாதக்கணக்கில் தங்கினார்கள், கோடை முழுக்கத் தங்கினார்கள். யெல்லோஸ்டோனுக்குள் 1915 ஆகஸ்டில் கார்களை விட்டபிறகு இந்தப் பழக்கம் மெல்ல மெல்ல மாறியது, ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரித் தங்கல் வந்தது. உங்கள் ராஞ்சின் குடில்கள் எந்த ஆண்டில் சிறிதாகவும் நிறையவாகவும் ஆயின என்று பார்த்தால் இந்த மாற்றம் கட்டடத்திலேயே தெரியும்.

ரயில் கம்பெனிகள் டியூட் ராஞ்சுகளுக்கென்றே கையேடுகள் அச்சிட்டன, ஏனென்றால் அந்த விருந்தினர்கள் அவர்களுடைய பயணிகள். 1926-இல் போஸ்மனில் சங்கம் தொடங்கியதிலும் நார்தர்ன் பசிஃபிக்கின் கை பெரிது. கையேடுகளில் வாடகை, எத்தனை பேருக்கு இடம், எந்த ஸ்டேஷனில் வண்டி வந்து நிற்கும், சில இடங்களில் யாருக்கு இடம் கிடையாது என்பது வரை அச்சாகியிருக்கும். விருந்தினராக வர அறிமுகக் கடிதம் கேட்ட ராஞ்சுகள் உண்டு, யூதர்களையும் கறுப்பின மக்களையும் அந்த வழியில் ஒதுக்கிய இடங்களும் உண்டு. அதைக் கண்டால் மறைக்காமல் எழுதுங்கள்.

சங்கத்தின் முதல் தலைவர் லேரி லேரம், கோடிக்குத் தெற்கே ஷோஷோனி ஆற்றின் தென்கிளையில் வேலி ராஞ்ச் வைத்திருந்தவர். 1915-இல் வின்த்ரோப் புரூக்ஸோடு சேர்ந்து அந்த இடத்தை வாங்கினார். இருவருமே கிழக்கிலிருந்து வந்தவர்கள். இதைக் கவனியுங்கள், நல்ல டியூட் ராஞ்ச்காரர்களில் பலர் தாங்களே முதலில் டியூட்டாக வந்தவர்கள். தங்கள் ஊரின் பணக்கார வீடுகளை அவர்களுக்குத் தெரியும், பனிக்காலத்தில் நியூயார்க்கும் ஃபிலடெல்ஃபியாவும் போய் அடுத்த கோடைக்கு ஆள் பிடித்தார்கள். அதனால் உங்கள் ராஞ்சின் பாதிக் காகிதம் வயோமிங்கில் இருக்காது, கிழக்குக் கரையில் யாரோ ஒருவரின் பரணில் கிடக்கும் ஆல்பத்தில் இருக்கும். விருந்தினர் கையெழுத்துப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் குடும்பப் பெயர்களை எடுத்து, அந்தந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதிப் பாருங்கள். உள்ளூரில் லாரமியின் வயோமிங் பல்கலைக்கழக அமெரிக்க மரபு மையம், கோடியின் பஃபலோ பில் மையத்து நூலகம், கார்டினரில் இருக்கும் யெல்லோஸ்டோன் ஆவண மையம், ஜாக்சனின் வரலாற்றுச் சங்கம் இந்த நான்கையும் விடக்கூடாது. பழைய வயோமிங் பத்திரிகைகள் மாநில நூலகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. யார் யார் எந்த ராஞ்சுக்கு வந்திறங்கினார்கள் என்ற ஊர்ச் செய்தி பத்திதான் அதில் பொன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏமாந்துவிட வேண்டாம். பெயர் விவரங்கள் 72 ஆண்டுக்குப் பிறகே வெளியாகும், கடைசியாக 1950 கணக்கு 2022-இல் வந்தது. 1890 கணக்கு பெரும்பாலும் தீயில் போய்விட்டது. 1920 கணக்கு ஜனவரியில் எடுத்தது. அந்த மாதம் ராஞ்சில் பனியும் காவலுக்கு ஓரிருவரும்தான் இருப்பார்கள். ஆள் இல்லை என்று தெரிந்தால் ராஞ்ச் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பூங்கா வந்த கதை

இங்கே அவசரப்படாமல் உட்காருங்கள். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ராஞ்ச் முதலில் வந்ததா பூங்கா முதலில் வந்ததா என்பதைப் பொறுத்து கதையே மாறிவிடும். யெல்லோஸ்டோன் பக்கத்தில் பூங்கா முதலில், ராஞ்ச் பிறகு. டீட்டன் பக்கத்தில் ராஞ்ச் முதலில், பூங்கா பிறகு.

லூயிஸ் ஜாய் 1908-இல் ஃபெல்ப்ஸ் ஏரிக்கரையில் ஜேஒய் ராஞ்சைத் தொடங்கினார். அங்கே கொஞ்ச காலம் கூட்டாளியாக இருந்த ஃபிலடெல்ஃபியா எழுத்தாளர் ஸ்ட்ரதர்ஸ் பர்ட், டாக்டர் ஹொரஸ் கார்ன்கிராஸோடு சேர்ந்து 1912-இல் ஸ்னேக் ஆற்றங்கரையில் பார் பிசியைத் தொடங்கினார். அங்கே விருந்தினராக வந்த மாட் நோபிள் என்ற பெண்மணி ஊரை விட்டுப் போக மனமில்லாமல் தங்கி, 1918-இல் மெனர் என்பவரின் ஆற்றுப் படகுத்துறையையே வாங்கினார். 1923 ஜூலை 26 அன்று அவருடைய குடிலில்தான் பர்ட்டும் இன்னும் சில உள்ளூர்க்காரர்களும் யெல்லோஸ்டோன் கண்காணிப்பாளர் ஹொரஸ் ஆல்பிரைட்டைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பள்ளத்தாக்கு கடைகளாலும் விளம்பரப் பலகைகளாலும் நிரம்புகிறது, யாராவது பணக்காரரைப் பிடித்து நிலத்தை வாங்கிக் காப்பாற்ற வேண்டும் என்பது பேச்சு. ஆக, பூங்கா வேண்டும் என்று கேட்டவர்களில் டியூட் ராஞ்ச்காரர்களே முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு அதில் சொந்த லாபமும் இருந்தது, அவர்கள் விற்றது அந்தக் காட்சியைத்தான். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

1926-இல் எண்ணெய்ச் செல்வந்தரின் மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் வந்து பார்த்தார். அடுத்த ஆண்டு ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்ற பெயரில் ஒரு நிறுவனம் நிலம் வாங்க ஆரம்பித்தது. பின்னால் யார் என்று தெரிந்தால் விலை ஏறும் என்று பெயரை வெளியே சொல்லவில்லை, 1930-இல்தான் தெரிந்தது. மொத்தம் சுமார் 35,000 ஏக்கர். இதற்கிடையில் 1929-இல் மலைச்சிகரங்களும் அடிவார ஏரிகளும் மட்டும் கிராண்ட் டீட்டன் பூங்கா ஆயின. பள்ளத்தாக்கைச் சேர்க்க உள்ளூர் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1943-இல் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்ததும் மாட்டுக்காரர்கள் துப்பாக்கியோடு மந்தையை ஓட்டிக்கொண்டு அதன் குறுக்கே போனார்கள். அதில் இருந்த கிளிஃபர்ட் ஹேன்சன் பிற்பாடு வயோமிங் ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனவர், தான் அன்று எதிர்த்தது தவறு என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். 1950-இல் எல்லாம் ஒரே பூங்கா ஆனது.

உங்கள் ராஞ்ச் டீட்டன் பக்கம் இருந்தால் கவுன்ட்டிப் பதிவில் ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்ற பெயரைத் தேடுங்கள். விற்ற தேதி, ஏக்கர், கூடவே ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரிதான் ராஞ்சின் பின்கதையைத் தீர்மானித்தது. ஜேஒய் ராஞ்ச் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் சொந்தக் கோடை வீடாக இருந்து, மகன் லாரன்ஸ் கொடுத்த கொடையால் கட்டடங்கள் அகற்றப்பட்டு, 2008-இல் 1,106 ஏக்கர் காட்டுப் பகுதியாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. பார் பிசியில் இன்று ஆள் இல்லை, சாய்ந்த குடில்களை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், நடந்து போய்ப் பார்க்கலாம். ஒயிட் கிராஸை ஃபிராங்க் கேலி 1956-இல் ஆயுள் உரிமையோடு பூங்காவுக்கு விற்றார், 1985-இல் அவர் இறந்ததும் மூடினார்கள். பல ஆண்டு பாழடைந்து கிடந்த குடில்களை 2005 முதல் பழுதுபார்த்து, பழைய மரக்கட்டடங்களைப் பாதுகாக்கப் பயிற்சி தரும் மையமாக்கினார்கள். 1926-இல் ஜான் டர்னர் வாங்கிய டிரையாங்கிள் எக்ஸ் மட்டும் பூங்கா எல்லைக்குள்ளேயே உரிமம் பெற்று, அதே குடும்பத்தின் கையில் இன்றும் விருந்தினரை ஏற்கிறது. ஒரே பள்ளத்தாக்கு, நான்கு விதமான முடிவு.

கட்டடம், படம், பேச்சு

போய்ச் சேர்ந்ததும் குடில்களைச் சுற்றி வாருங்கள். மூலையில் கட்டைகள் எப்படிப் பொருந்துகின்றன என்று ஒவ்வொன்றுக்கும் படம் எடுங்கள். ஒரே முற்றத்தில் இரண்டு மூன்று விதமான வெட்டு இருந்தால், வேறு வேறு கைகள் அல்லது வேறு வேறு காலம். அந்தப் பகுதியில் குடிலைக் கழற்றி இன்னொரு ராஞ்சில் கொண்டுபோய் நிறுத்துவது சர்வ சாதாரணம், அதனால் குடிலின் வயதை ராஞ்சின் வயது என்று எழுத முடியாது. தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ராஞ்ச் இருந்தால் அதற்கான விண்ணப்பப் படிவத்தைத் தேடிப் படியுங்கள், கட்டடம் கட்டடமாக விவரித்திருப்பார்கள்.

பழைய படங்களை நம்புங்கள், ஆனால் எடுத்தவர் யார் என்று கேளுங்கள். பிட்ச்ஃபோர்க் ராஞ்சின் சார்லஸ் பெல்டன் எடுத்த கௌபாய் படங்கள் அற்புதமானவை, அவற்றில் பல திட்டமிட்டு நிறுத்தி எடுத்தவை. வேலை செய்த விதம் தெரிய வேண்டுமென்றால் விருந்தினர்கள் சின்னக் கேமராவில் ஆடி ஆடி எடுத்த படங்களே மேல்.

குடும்பத்தாரிடம் பேசும்போது உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் சுவரில் இருக்கும் அதே நான்கு வரிதான் வரும். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள். இந்த மணியை யார் அடிப்பார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, பனி எவ்வளவு உயரத்துக்கு விழும், குதிரைகளை எங்கே மேயவிட்டீர்கள், எந்த வருஷம் மின்சாரம் வந்தது. அவர்கள் சொல்வதும் காகிதத்தில் இருப்பதும் ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் எழுதி, எது சொல்லக் கேட்டது, எது பதிவில் கண்டது என்று பிரித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, சம்பளப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். பேடன்டில் நிலம் கேட்டவர் பெயர் இருக்கும், கையெழுத்துப் புத்தகத்தில் விருந்தினர் பெயர் இருக்கும், பத்திரத்தில் வாங்கினவர் விற்றவர் பெயர் இருக்கும். விடியற்காலையில் அடுப்பு மூட்டியவர், துணி வெளுத்தவர், இருட்டிலேயே போய்க் குதிரைகளைக் கூட்டிவந்து பட்டியில் அடைத்தவர், இவர்கள் பெயர் அந்த ஒரு புத்தகத்தில்தான் இருக்கும். எங்கேயோ ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில், சேணத் தோல் வாசனையோடு கிடக்கும். அனுமதி கேட்டு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் முன் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கும் இன்னொன்றைக் கவுன்ட்டி அருங்காட்சியகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.